கைகளைப் பாருங்கள்

கேள்வி: 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்' படத்தில் கறுப்பின நாயகன் வெள்ளைக்காரப் பண்ணையாரைத் திருப்பி அறைகிறார். அந்த ஓர் அறைக்காகவா 1967-ல் வந்த துப்பறியும் படத்தை இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: அறைக்காகவும்தான். கல்லூரி நாளில் ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில் அந்த அறை விழுந்தபோது, எனக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். இப்போது எப்போது பார்த்தாலும் அவர் முதுகுதான் ஞாபகம் வருகிறது.

ஆனால் அந்தக் கை அதற்கு முன்னால் என்னென்ன செய்தது என்று பாருங்கள். அமெரிக்கத் தென்மாநிலமான மிசிசிப்பியில் ஸ்பார்ட்டா என்ற சிற்றூர். தொழிற்சாலை கட்ட வந்த பணக்காரர் கொலையாகிக் கிடக்கிறார். ரயிலுக்குக் காத்திருந்த நம் நாயகன் வர்ஜில் டிப்ஸைச் சுவரில் கை வைக்கச் சொல்லிப் பிடித்துப்போகிறார் ஒரு போலீஸ்காரர். கறுப்புத் தோல், பர்ஸில் பணம், அவ்வளவுதான் காரணம். டிப்ஸோ பிலடெல்பியாவில் கொலை வழக்குகளை விசாரிக்கும் அதிகாரி! அப்புறம் அதே கைகள் பிணத்தைத் தொட்டுப் பரிசோதிக்கின்றன. அடித்தவன் வலக்கைக்காரன், பிடிபட்ட வெள்ளைக்கார இளைஞனோ இடக்கைப் பழக்கக்காரன் என்று கண்டுபிடித்து அவனைக் காப்பாற்றுவதும் டிப்ஸ்தான்.

பிறகுதான் அந்தப் பண்ணையார் எண்டிகாட் செடி வளர்க்கும் கண்ணாடி வீடு. ஆர்க்கிட் செடிகளைக் காட்டி, கறுப்பர்களைப் போலவே இவற்றையும் பராமரித்து வளர்க்க வேண்டும் என்று கனிவாகவே சொல்கிறார் அந்த மனிதர். எனக்கு அறையைவிட அந்தக் கனிவுதான் அதிகம் வலித்தது.

இன்னொன்றும் உண்டு. எண்டிகாட்தான் கொலையாளியாக இருக்க வேண்டும் என்று டிப்ஸ் ஆசைப்படுகிறார். நீயும் எங்களைப் போலத்தானா என்று கேட்டுவிடுகிறார் காவல் தலைவர் கில்லெஸ்பி. நியாயம் தன் பக்கம் இருப்பவருக்கும் கண் மறைக்கும் என்று காட்டத் துணிந்த படம் இது. அதற்காகத்தான் இதை விடாமல் பேசுகிறேன்.

கேள்வி: படப்பிடிப்பு மிசிசிப்பியில் நடந்ததா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லை. பெரும்பகுதி இல்லினாய் மாநிலத்தில். அங்கேயும் ஸ்பார்ட்டா என்று ஓர் ஊர் உண்டு. 1964-ல், டிப்ஸாக நடித்த சிட்னி போய்ட்டியரும் பாடகர் ஹாரி பெலஃபான்டேயும் உரிமைப் போராட்டக்காரர்களுக்குப் பணம் கொண்டு மிசிசிப்பியின் கிரீன்வுட்டுக்குப் போனபோது கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தின் ஆட்கள் துரத்தினார்கள். அதனால் தெற்கே வரமாட்டேன் என்று போய்ட்டியர் சொல்லிவிட்டார். பருத்திக்காட்டுக் காட்சிகளுக்கு மட்டும் டென்னஸிக்குப் போய்க் கொஞ்ச நாளில் திரும்பினார்கள்.

கேள்வி: ஆஸ்கர், கில்லெஸ்பியாக நடித்த ராட் ஸ்டைகருக்குத்தானே கிடைத்தது? போய்ட்டியருக்கு ஏன் இல்லை?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: பரிந்துரைப் பட்டியலிலேயே அவர் பெயர் இல்லை. சிறந்த படம் உட்பட 5 விருதுகள் வாங்கிய படத்தில் இது பெரிய அநியாயம். மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டதால் விழாவே 2 நாள் தள்ளி, 10-ம் தேதி நடந்தது.

ஆனாலும் ஸ்டைகரிடமிருந்து அந்த விருதைப் பிடுங்க எனக்கு மனம் வராது. கடைசியில் ரயில் நிலையத்துக்கு டிப்ஸின் பெட்டியைச் சுமந்துகொண்டு வருகிறாரே கில்லெஸ்பி, அப்போது அவர் கையைப் பாருங்கள்.