சபையில் வைத்து 'வெட்கமில்லையா?' என்றார் மாமியார்!

அன்புள்ள மேடம்,

எனக்கு 36 வயது. கணவர் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறார். கொழுந்தனார் கல்யாண வரவேற்பில் எல்லோரும் கையைப் பிடித்து இழுத்ததால் ஆடினேன். ஒரே ஒரு பாட்டு. அதுவும் பெண்களோடுதான். மறுநாள் சம்பந்தி வீட்டார் முன்னால் மாமியார், "வயசுக்கு வரப்போற பிள்ளையை வச்சுக்கிட்டு ஆடுறியே, வெட்கமில்லையா?" என்று கேட்டுவிட்டார். அவர் மகளும்தான் ஆடினாள். அவளை யாரும் கேட்கவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்ததும் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு, அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். கணவர் வாயே திறக்கவில்லை. இப்போது விசேஷ வீடுகளுக்கே நான் போவதில்லை. பரதம் படிக்கிற என் 11 வயது மகள்கூட ஆண்டு விழாவுக்குப் பெயர் கொடுக்கவில்லை. கேட்டால் "வெட்கமா இருக்கும்மா" என்கிறாள். அந்த வயசுக் கூச்சம், அது போகட்டும். ஒரு பாட்டுக்கு ஆடியது அவ்வளவு பெரிய குற்றமா? அத்தனை பேர் முன்னால் கேட்டாரே, மாமியாருக்கு நான் என்ன பதில் சொல்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரி,

'அது போகட்டும்' என்கிறீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

சபையில் வைத்து மாமியார் கேட்டது தவறு. கணவர் சும்மா இருந்தது அதைவிடத் தவறு. ஆனால் 'வயசுக்கு வரப்போற பிள்ளை' என்று அந்த அதட்டலில் உங்கள் மகளையும் சேர்த்தே இழுத்திருக்கிறார். பிறகு அம்மா ஊரெல்லாம் போன் போட்டுக் கெஞ்சியதும் அவள் காதில் விழாமலா இருந்திருக்கும்? பாட்டி திட்டியதோடு நின்றிருந்தால் அவள் மறந்துகூட இருப்பாள். வீடியோவை நீங்களே அழிக்கச் சொன்ன பிறகு, ஆடுவது மறைக்க வேண்டிய காரியம் என்றுதானே அவளுக்குத் தோன்றும்? கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஊரே தன்னைப் பார்ப்பதாக நினைப்பது அவள் வயதுக்கு இயல்புதான். அதற்குக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று 1967இல் பெயர் வைத்தார் உளவியலாளர் டேவிட் எல்கைண்ட். வளர வளரத் தணியும். ஆனால் உங்கள் வீட்டில் அந்தப் பார்வையாளர்கள் நிஜமாகவே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்களே!

வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தைத் தொடங்குவதே 'கருமத்தால் நாணுதல் நாணு' என்றுதான். தகாத செயலுக்குக் கூசுவதே நாணம். கடன் வாங்கி ஏமாற்றுகிறவன் கூசட்டும். கொழுந்தன் கல்யாணத்தில் சந்தோஷப்பட்ட அண்ணி எதற்குக் கூச வேண்டும்?

"ஆடினதுல தப்பில்லடி, பயந்துபோய் அழிக்கச் சொல்லிட்டேன்" என்று மகளிடம் சொல்லிவிடுங்கள். மேடையேறச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பள்ளியில் யாராவது கேலி செய்தார்களா என்று மட்டும் விசாரியுங்கள். மாமியாருக்கு நீங்கள் பதில் தேட வேண்டாம். பேத்தி காதுபட இப்படிப் பேசக் கூடாது என்று உங்கள் கணவர் சொல்லட்டும், அவருடைய அம்மாதானே.