மாமியார் சொன்ன 'மங்-ஜங்'

அன்புள்ள அம்மா,
ஹாங்காங்கில் பணிபுரிகிறேன். என் மனைவி கான்டனீஸ் பேசுபவர். மாலையில் நான் வீடு திரும்பியதும் மாமியார் என்னைப் பார்த்து 'மங்-ஜங்' என்கிறார். சிடுசிடுப்பு என்று பொருளாம். பதிலுக்குச் சொல்ல, கோபத்துக்கான கான்டனீஸ் சொற்களைக் கடுமை வரிசையில் தருவீர்களா? உச்சரிப்பை எப்படிப் பழகுவது?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உச்சரிப்பை மனைவியிடமே கேட்டுப் பழகுங்கள். நீங்கள் கேட்கும் வரிசையை நான் தரமாட்டேன். வீட்டுப் பெரியவரோடு மல்லுக்கட்டுவதற்காகவா ஒரு மொழியைக் கற்பது?

அவர் உங்கள் குணத்தைக் குறை சொல்லவில்லை. தூக்கம் கெட்டோ பசித்தோ புழுக்கம் தாளாமலோ எதைக் கண்டாலும் எரிச்சல் வரும் நிலைதான் மங்-ஜங். தூக்கத்துக்குச் சிணுங்கும் குழந்தையையும் அப்படிச் சொல்வார்கள். பிறவியிலேயே முன்கோபியாக இருப்பவனுக்கு 'சோவ்-தை' என்று வேறு சொல் இருக்கிறது. அதைச் சொல்லியிருந்தால் நீங்கள் வருந்துவதில் நியாயம் உண்டு. நிலையையும் குணத்தையும் இப்படிப் பிரித்துப் பேசும் ஒருவரை எதிரியாக எண்ணுகிறீர்களே!

கடுகடுவென்று இருப்பவனைக் 'கறுத்த வாய், கறுத்த முகம்' என்பார்கள். எரிந்து விழுபவனை 'வெடிமருந்து தின்றாயா?' என்று கேட்பார்கள். ஆத்திரம் மூண்டால் 'ஃபோ-குவன்', அதாவது நெருப்புக் கொதிக்கிறது. இந்த நெருப்பைத்தான் நான் சில காலமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். பொரித்த உணவாலும் கண்விழிப்பாலும் உடலில் 'யீட்-ஹெய்' என்னும் சூடு ஏறுகிறது என்பது கான்டனீஸ் பேசப்படும் தென்சீன மாகாணமான குவாங்டொங் மக்களின் நம்பிக்கை. வாய்ப்புண்ணுக்கும் தொண்டை வலிக்கும் அதையே காரணமாகச் சொல்வார்கள். சீன மருத்துவமோ கோபத்தைக் கல்லீரல் நெருப்போடு சேர்த்துப் பேசுகிறது. அந்தச் சூட்டைத் தணிக்கும் மூலிகைத் தேநீரைச் சீனா 2006இல் தன் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. மருத்துவமாக இதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. ஆனால் சிடுசிடுப்பைச் சூடாகக் காண்பவர், 'ஏன் இப்படி நடந்துகொள்கிறாய்?' என்பதற்கு முன் 'என்ன சாப்பிட்டாய், எப்போது தூங்கினாய்?' என்று கேட்கிறார்.

ஹாங்காங்கின் ஷாம் ஷூய் போ பகுதியில் நான் குடியிருந்தபோது, மூலிகைத் தேநீர்க் கடையில் ஓர் இளைஞர் சில்லறைக்காகக் கத்தினார். கடைக்கார அம்மாள் எதிர்த்துப் பேசாமல், 'இருபத்துநான்கு சுவை' என்று பெயர்பெற்ற அந்தக் கருங்கசப்புத் தேநீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தி, "நேற்றுத் தூங்கவில்லையா?" என்றார். அதை இன்றும் நான் மறக்கவில்லை.

உங்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் தருகிறேன்: 'சம்-மான் ஃபன்-தக் ம்-ஹோவ்'. நேற்றிரவு சரியாகத் தூங்கவில்லை என்று பொருள். அதை மாமியாரிடம் சொல்லிவிட்டு, அவர் எதைக் குடிக்கக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் குடியுங்கள்.