பேக்ஹோவிலும் லோடரிலும் இழுவையைத் துண்டிக்கும் பொத்தான் எப்படி வேலை செய்கிறது?

நம் ஊரில் பொதுவாக ஜேசிபி என்றே அழைக்கப்படும் பேக்ஹோவை ஓட்டப் பழகிவரும் ஒருவர், முன்பக்கெட் லீவரின் தலையில் இருக்கும் சிறு பொத்தானை அழுத்தினால் வண்டி இழுப்பதை நிறுத்திவிடுகிறது, பக்கெட் மட்டும் முன்னைவிட வேகமாக எழுகிறது, இது எப்படி என்று கேட்டிருக்கிறார். அம்பத்தூரில் மண் அள்ளும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் 18 ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன். இந்தப் பொத்தானைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் வந்த சேதங்களைப் பலமுறை கண்டிருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

லாரியில் இருப்பது போன்ற கால் கிளட்ச் இந்த வண்டிகளில் கிடையாது. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, எண்ணெயைச் சுழற்றி அதன் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. அதற்கு அடுத்து, முன்னே போக ஒன்றும் பின்னே வர ஒன்றுமாக இரண்டு கிளட்ச் பேக்குகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் உராய்வுத் தட்டுகளும் எஃகுத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். எண்ணெய் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும்போது அவை ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். அந்த எண்ணெய்க்கு வழிவிடுவது, மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வு. ஸ்டியரிங்கின் அருகே உள்ள லீவரை முன்னே தள்ளும்போது, நீங்கள் உண்மையில் செய்வது 12 வோல்ட் மின்சாரத்தை அந்தச் சோலனாய்டுக்கு அனுப்புவதுதான். பொத்தானை அழுத்தியதும் அந்த மின்சாரம் நின்று, பேக்கில் இருந்த எண்ணெய் வடிந்து, ஸ்பிரிங் தட்டுகளைப் பிரித்துவிடுகிறது. லீவர் முன்னோக்கிய நிலையிலேயே இருந்தாலும் சக்கரத்துக்கு இழுவை போகாது.

பக்கெட்டைத் தூக்கும் எண்ணெய் அழுத்தத்தைத் தரும் ஹைட்ராலிக் பம்ப் இந்தக் கிளட்ச் பேக்குகளை நம்பி இருப்பதில்லை. இன்ஜின் சுழலும்வரை அதுவும் சுழலும். சாதாரண பேக்ஹோவின் இன்ஜின் 70 முதல் 100 குதிரைத்திறன் வரை தரக்கூடியது. பக்கெட் மண்குவியலில் புதைந்து, வண்டி நகர முடியாமல் முட்டி நிற்கும்போது, அதில் பெரும்பகுதியைக் கன்வர்ட்டர் வாங்கிக்கொள்கிறது. வெளியே சக்கரம் சுழலாததால் அவ்வளவும் சூடாக மாறிக் கியர்பாக்ஸ் எண்ணெயில் இறங்குகிறது. இன்ஜினின் வேகமும் அமுங்கிவிடுகிறது. அந்த நொடியில் பொத்தானை அழுத்தினால் இன்ஜின் மீண்டும் வேகமெடுக்கிறது, பம்பும் அதோடு வேகமெடுக்கிறது. பக்கெட் விரைந்து எழுவதன் காரணம் இதுதான்.

கியர் லீவரின் தலையிலும் இதே வேலையைச் செய்யும் இன்னொரு பொத்தான் பல வண்டிகளில் உண்டு. நான்கு கியர் கொண்ட சிங்க்ரோ வகை கியர்பாக்ஸில், அதை அழுத்தாமல் கியர் மாற்றினால், கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோ வளையங்கள் தேய்ந்து, சில மாதங்களில் நறநறவென்ற சத்தம் தொடங்கும்.

முன்பக்கெட் மட்டும் கொண்ட பெரிய வீல் லோடர்களில் இந்த வேலை பெரும்பாலும் இடது பிரேக் பெடலுக்குப் போய்விடுகிறது. டிப்பரை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கவும் வேண்டும், பக்கெட்டை உயர்த்த இன்ஜின் முழுவேகத்தில் ஓடவும் வேண்டும். இடது பெடலை மிதித்தால் பிரேக்கும் பிடித்து, கூடவே இழுவையும் துண்டிக்கப்படுவதால் இரண்டும் நடக்கின்றன. வலது பெடல் பிரேக்கை மட்டும் பிடிக்கும். இடது பெடலின் துண்டிப்பை நிறுத்திவைக்கக் கேபினில் ஒரு சுவிட்ச் இருக்கும். அது எதற்கு என்று பல ஆப்பரேட்டர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததே இல்லை என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம்.

சென்னை தட்டையான ஊர்தான்; ஆனாலும் அடித்தளம் தோண்டிய குழியின் சாய்தளங்கள், ஏரிக்கரைகள், மேம்பாலங்கள் என்று சரிவுகள் இங்கும் உண்டு. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு குழியிலிருந்து, நிறைந்த பக்கெட்டோடு மேலேறிவந்த லோடரை, ஆப்பரேட்டர் பாதிச் சரிவில் இடது பெடலால் நிறுத்தினார். மீண்டும் கிளம்பக் காலை எடுத்ததும் பிரேக் உடனே விட்டுவிட்டது. கிளட்ச் பேக்கில் எண்ணெய் நிரம்பிப் பிடிப்பதற்குச் சற்று நேரம் ஆகிறது. அதற்குள் வண்டி பின்னோக்கி உருண்டு குழிச்சுவரில் மோதியது. நல்லவேளையாக அங்கே ஆள் இல்லை. “பிரேக்கை மிதித்துத்தானே நிறுத்தினேன், அண்ணே” என்று அவர் நடுங்கிய குரலில் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது. சரிவில் ஏறுவதற்கு முன் அந்தச் சுவிட்சால் துண்டிப்பை நிறுத்திவைத்திருந்தால் இழுவை அறுந்திருக்காது. பேக்ஹோவின் பொத்தானோ இதைவிட ஆபத்தானது. அது இழுவையை மட்டுமே துண்டிக்கும், பிரேக்கைத் தொடவே தொடாது. மேம்பாலத்தில் இறங்கும்போது அதை அழுத்திப் பிடித்தால், இன்ஜின் தரும் தடுப்பும் போய் வண்டி தன் எடையிலேயே வேகமெடுக்கும்.

கடைசியாக ஒன்று. சென்ற ஆண்டு, இழுவை விட்டுவிட்டு வருகிறது, கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்று வேறோர் இடத்தில் சொல்லிவிட்டார்கள் என ஒரு பேக்ஹோவைக் கொண்டுவந்தார்கள். ஓட்டிப் பார்த்தபோது, முன்பக்கெட் லீவரை ஒரு பக்கம் சாய்க்கும்போது மட்டுமே இழுவை போனது. பொத்தானுக்குச் செல்லும் வயர், லீவரின் அடியில் பல ஆண்டுகள் மடங்கி மடங்கி உறை கிழிந்து இரும்பில் உரசியிருக்கிறது. அந்த வண்டியின் மின்சுற்றில் அதுவே பொத்தானை அழுத்தியதற்குச் சமம். வயரை மாற்றியதும் இழுவை சீரானது. கியர்பாக்ஸின் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. உங்கள் வண்டியிலும் இழுவை விட்டு விட்டு வந்தால், பெரிய செலவுக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் லீவரை நாலா பக்கமும் சாய்த்து ஓட்டிப் பாருங்கள்.