11 வயது மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டோம். பள்ளி போகாத பிள்ளைகள் கூடித் தாங்களாகவே கற்கும் சுயகற்றல் குழுவில் சேர்த்தால் நண்பர்கள் கிடைப்பார்களா?

கிடைப்பார்கள். ஆனால் நீங்கள் நினைக்கிற வேகத்தில் இல்லை.

"நிறுத்தி இரண்டு மாதமாகிறது, நாள் முழுக்க படம் வரைந்துகொண்டே இருக்கிறாள், பக்கத்தில் ஏதாவது குழு இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் ஐந்து வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்தது போல இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். குழு தேடுவது அவளுக்காகவா, உங்கள் பயத்துக்காகவா? நான் தேடியது என் பயத்துக்காகத்தான்.

பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதம் பிள்ளையைச் சும்மா விட வேண்டும் என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் வட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. ஆராய்ச்சி முடிவெல்லாம் இல்லை, பெற்றோர் வாய்வழியாகச் சொல்லிவந்தது. எல்கேஜியிலிருந்து எண்ணினால் உங்கள் மகளுக்கு ஏழெட்டு மாதமாவது வரும். நீங்கள் இரண்டிலேயே தவிக்கிறீர்கள்.

நாங்கள் கோவை. மகனை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினோம். ஏன் என்பது பெரிய கதை, இங்கே வேண்டாம். தேடிப் பிடித்து நான்கு குடும்பம் சேர்ந்தோம், ஏழு பிள்ளைகள். வியாழக்கிழமைதோறும் தொண்டாமுத்தூர் பக்கம் ஒருவருடைய தோட்டத்தில் கூடுவோம். முதல் மாதம் அருமையாகப் போனது. வாய்க்காலில் அணை கட்டினார்கள், உடைத்தார்கள், யார் உடைத்தது என்று சண்டை போட்டார்கள். நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எங்களால் முடியவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு அப்பா எக்செல்லில் அட்டவணை போட்டு அனுப்பினார். பத்து மணிக்குக் கணக்கு, பதினொன்றுக்கு அறிவியல் சோதனை. அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன், "தமிழ் நான் எடுக்கிறேன்" என்று முதலில் கை தூக்கியவள் நான். அடுத்த வியாழன் பத்து மணிக்குப் பிள்ளைகளைக் காணோம். ஏழு பேரும் மோட்டார் ரூம் மாடியில் படுத்து ஒளிந்திருந்தார்கள். என் மகன் மட்டும் தலையைத் தூக்கி எட்டிப் பார்த்துவிட்டு, என்னைக் கண்டதும் மறுபடி படுத்துக்கொண்டான். தீபாவளிக்குள் இரண்டு குடும்பம் விலகிவிட்டது. ஏன் நின்றார்கள் என்று பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் சட்பரி வேலி என்று ஒரு பள்ளி 1968-லிருந்து நடக்கிறது. பிள்ளைகள் கேட்டால் ஒழிய வகுப்பே கிடையாது. பள்ளிக் கூட்டத்தில் பெரியவருக்கும் ஒரு ஓட்டு, சின்னப் பிள்ளைக்கும் ஒரு ஓட்டு. வயது வாரியாகப் பிரிப்பதும் இல்லை. நாங்கள் இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் ஆரம்பித்தோம். படித்தது வேறு, மரத்தடியில் சும்மா உட்காருவது வேறு.

அப்புறம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. வீட்டு ஃபேன் ஓடாமல் போய், அதை வைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மகனுக்கு அப்போது 12 வயது. கடைக்கார அண்ணன் கருகிய காயிலை வெட்டி எடுத்து, எத்தனை சுற்று என்று எண்ணி, மைக்ரோமீட்டரில் கம்பியின் கனம் பார்த்தார். பையன் நகரவே இல்லை. மறுநாளும் போக வேண்டும் என்றான். அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு நாள், ஒன்றரை வருடம் அங்கேயே கிடந்தான். (குழந்தைத் தொழிலாளர் என்று கமெண்டில் வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். கூலி கிடையாது, வேலை கிடையாது, வார்னிஷ் பக்கம் போகக்கூடாது. ஸ்டூலில் உட்கார்ந்து கேள்வி கேட்பது மட்டும்தான். அண்ணனுக்கு அதுவே தொல்லை.)

கம்பியின் கனத்தைக் கடையில் கேஜ் நம்பரில்தான் சொல்வார்கள். ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது, "அம்மா, கேஜ் நம்பர் கூடக் கூட கம்பி ஏன் மெல்லிசா ஆகுது? முப்பது தடிமனா இருக்கு, முப்பத்தாறு முடி மாதிரி இருக்கு. தலைகீழா இல்ல இருக்கு?" என்றான். எனக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கும் தெரியவில்லை, "அது அப்படித்தான் கண்ணு" என்றுவிட்டார். ரொம்ப நாள் கழித்து அவனே எங்கோ தேடி வந்து சொன்னான்: அந்தக் காலத்தில் கம்பியை ஒவ்வொரு துளையாகக் கொடுத்து இழுப்பார்களாம். அதிகத் தடவை இழுத்தால் அதிக மெல்லிசு, நம்பர் அந்தத் தடவையிலிருந்து வந்ததாம். இதை அண்ணனிடம் போய் இவன் விளக்கியபோது அவர் கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கம்பியின் கனம் இரண்டு மடங்கானால் தாமிரம் ஏன் நான்கு மடங்கு ஆகிறது என்பதையும் அந்த ஸ்டூலில்தான் பிடித்தான். நாங்கள் எக்செல்லில் ஒதுக்கிய நேரத்தில் அல்ல.

எல்லாப் பிள்ளைக்கும் இப்படி அமையும் என்று சொல்லவில்லை. எங்களோடு இருந்த ஒரு பெண் 13 வயதில், "எனக்கு நாற்பது பேர் இருக்கிற கிளாஸ் வேணும்" என்று கேட்டுப் பள்ளிக்குத் திரும்பிப் போனாள், சந்தோஷமாக இருக்கிறாள். பீட்டர் கிரே என்ற அமெரிக்க உளவியலாளரும் ஜினா ரைலியும் பள்ளி போகாமல் வளர்ந்த 75 பேரிடம் கேட்டுப் பார்த்ததில் 83 சதவீதம் பேர் பிற்பாடு ஏதோ ஒரு உயர்கல்விக்குப் போயிருந்தார்கள். இதை வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு அனுப்புகிறோம். அவர்கள் தாங்களாக முன்வந்து பதில் சொன்னவர்கள் என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம். நானும் மாமியாரிடம் அப்படித்தான் விட்டுவிட்டுச் சொன்னேன்.

சட்டம் என்று யாராவது பயமுறுத்துவார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது, ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. வீட்டுக்கல்வி பற்றியும் அதில் பேச்சில்லை. பத்தாவதுக்கு என்ஐஓஎஸ் (பள்ளி போகாமலே தேர்வு எழுத வைக்கும் மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி) இருக்கிறது: 14 வயது நிறைந்தால் போதும், ஐந்து பாடம், ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. தமிழிலும் எழுதலாம், ஓவியம்கூட ஒரு பாடம். உங்கள் மகளுக்கு ஆகும்.

சட்டத்தைவிட எனக்குத் தொல்லை எங்கள் அபார்ட்மென்ட்தான். பகல் பதினொரு மணிக்குப் பையன் கீழே சைக்கிள் ஓட்டினால் வாட்ச்மேனுக்குப் போன் போகிறது. "இங்கு விளையாடக் கூடாது" என்று பார்க்கிங்கில் போர்டு. மாதம் 3,500 ரூபாய் மெயின்டனன்ஸ் வாங்குகிறார்கள், லிஃப்ட் இரண்டு மாதமாக ஓடவில்லை, போர்டுக்கு மட்டும் உடனே பெயின்ட் அடித்துவிட்டார்கள். பொதுக்குழுவில் கேட்டால், "பையன் எந்த ஸ்கூலுங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார் செயலாளர். சரி, இது உங்கள் கேள்வியில் இல்லை.

குழு பார்க்கப் போகும்போது பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். இடத்தைச் சுற்றிக் காட்டச் சொல்லி அங்கே இருக்கிற பிள்ளையிடமே கேளுங்கள். எங்கே சண்டை போட்டோம், எங்கே விழுந்தோம் என்று காட்டினால் நல்ல இடம். அட்டவணையைக் காட்டினால் திரும்பி வந்துவிடுங்கள். 11 வயதுக்குக் குழு கிடைப்பது சுலபம். 14-க்கு மேல்தான் ஆள் குறைந்துவிடும், பாதிப் பேர் பரீட்சைக்குப் போய்விடுவார்கள். என் மகனுக்கு இன்று வியாழக்கிழமைக் கூட்டத்தில் இரண்டு நண்பர்கள், வைண்டிங் கடையில் ஒருவர், செஸ் ஆட எதிர்த்த தெருவில் ஒரு தாத்தா. எண்ணிக்கை குறைவுதான், மறைக்க மாட்டேன்.

அக்டோபரில் அவனுக்கு என்ஐஓஎஸ் தேர்வு. போன வாரம், "கண்ணு, கணக்குப் புத்தகம் எடுத்துப் பாத்தியா?" என்று கேட்டேன். "ம்" என்றான். புத்தகம் அட்டை பிரிக்காமல் அலமாரியிலேயே இருக்கிறது. நானும் இதுவரை கைவைக்கவில்லை.