கேலரிக்குப் படம் கொடுக்கும்போது ஓவியர் தன் உரிமையை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது?

முதல் கண்காட்சிக்குப் படங்கள் அனுப்பப் போகிறீர்கள், கேலரிக்காரர்கள் நல்ல மாதிரியாகப் பழகுவதால் எழுதிக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது என்கிறீர்கள். தயங்காமல் கேளுங்கள். அந்தத் தயக்கத்தால் நான் ஒரு படத்தையே இழந்தேன்.

என் முதல் குழுக் கண்காட்சிக்கு ஆறு கேன்வாஸ் கொடுத்தேன். ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்கவில்லை. ஐந்து திரும்பி வந்தன. ஒன்றின் மூலை ஈரம் பட்டு உப்பியிருந்தது. ஆறாவது விற்றுவிட்டது என்றார்கள். யாருக்கு, என்ன விலைக்கு என்பது இன்றுவரை தெரியாது. எட்டு மாதம் கழித்து ஏதோ ஒரு தொகை வந்தது. கையில் காகிதம் இல்லாமல் யாரிடம் போய் என்ன கேட்பது?

இப்போதெல்லாம் படம் வாசல் தாண்டும் முன்பே ஒரு பக்கத் தாள் தயாராக இருக்கும். ஒவ்வொரு படத்தின் பெயர், அளவு, விலை, முன்னும் பின்னும் எடுத்த போட்டோ. கமிஷன் எத்தனை சதவீதம், தள்ளுபடி கொடுத்தால் அது யார் பங்கில் கழியும், விற்ற எத்தனை நாளில் பணம் வரும், வண்டியிலோ சுவரிலோ சேதமானால் யார் பொறுப்பு, விற்காதது எந்தத் தேதிக்குள் திரும்பும். அப்புறம், முழுப் பணமும் கைக்கு வரும்வரை படம் ஓவியருடையது என்று ஒரு வரி. இருவர் கையெழுத்தும் வேண்டும்.

பதிப்புரிமை தனி விஷயம். சுவரில் மாட்டிய படத்தை ஒருவர் வாங்கினால் அவருக்குப் போவது கேன்வாஸ் மட்டும். அதைக் காலண்டராக அச்சடிக்கும் உரிமை உங்களிடமே இருக்கும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதிக் கையெழுத்திட்டால்தான் அது கைமாறும். அப்படி எழுதும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அழைப்பிதழுக்கும் கேட்லாக்குக்கும் மட்டும் அனுமதி கொடுங்கள். ஒன்று கவனம்: ஒருவர் கேட்டு, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பதிப்புரிமை அவருக்கே போகும்.

விற்ற பிறகும் உங்களை விட்டுப் போகாத உரிமையும் உண்டு. உங்கள் படைப்பைச் சிதைத்து உங்கள் பெயரைக் கெடுத்தால் எதிர்த்துக் கேட்கும் உரிமை அது; அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லியில் உள்ள அரசு மாநாட்டு மண்டபமான விஞ்ஞான் பவனுக்காகச் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். பாகங்கள் சேதமாயின. 1992-இல் அரசு மீதே வழக்குப் போட்டார். சிற்பத்தைத் திருப்பிக் கொடுத்து 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தரச் சொல்லி 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுக்குக் கொடுத்த படைப்புக்கே அந்தப் பாதுகாப்பு கிடைத்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். ஆனால் அதற்கு 13 ஆண்டு ஆனது. அதனால்தான் தாளை முதலிலேயே எழுதச் சொல்கிறேன்.

"நமக்குள்ள எதுக்குங்க எழுத்தெல்லாம்?" என்பார்கள். என் இரண்டாவது கேலரி அம்மாவும் அப்படித்தான் ஆரம்பித்தார். முதல் முறை நடந்ததைச் சொன்னேன். தாளை வாங்கிப் படித்தார், பணம் தரும் கெடுவை 30 நாளிலிருந்து 45 ஆக்கச் சொன்னார், சரி என்றேன், கையெழுத்துப் போட்டார். 40-ஆவது நாள் பணம் வந்தது.