கணினிக் கேள்வி பதில்

கேள்வி: ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக் கணினியில் ஜிமெயிலும் வாட்ஸ்அப் வெப்பும் திறந்தேன். லாக் அவுட் செய்தேனா என்று நினைவில்லை. பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா?
- கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: போதாது. ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றினாலும் வாட்ஸ்அப் அங்கே திறந்தே இருக்கும். அதை முதலில் மூடுங்கள்: போனில் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'லிங்க்ட் டிவைசஸ்' போய், தெரியாத கணினியைத் தொட்டு லாக் அவுட் கொடுங்கள். உங்கள் போன் அணைந்திருந்தாலும் அந்தக் கணினியில் செய்திகள் வந்துகொண்டிருக்கும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்து கூகுள் கணக்கில் 'செக்யூரிட்டி', 'யுவர் டிவைசஸ்'. கடைக் கணினியை சைன் அவுட் செய்துவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். குரோமில் 'சேவ்' அழுத்தியிருந்தாலும் பழையது செல்லாது. பலரும் விட்டுவிடுவது ஃபார்வர்டிங். ஜிமெயிலைக் கணினியில் திறந்து, செட்டிங்ஸில் 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்ஸ்' இரண்டையும் பாருங்கள். யாராவது தன் முகவரியை அங்கே சேர்த்திருந்தால், பாஸ்வேர்டு மாறிய பிறகும் மெயில்கள் அவருக்குப் போகும். மீட்பு போன் எண் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். பாஸ்வேர்டோடு இரண்டாவது உறுதிப்படுத்தலும் கேட்கும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை இன்றே போடுங்கள்.

டவுன்லோட் செய்த ஃபைல் கடைக் கணினியிலேயே கிடக்கும். ஆதார் நகல் என்றால் நேரில் போய் டவுன்லோட்ஸிலும் ரீசைக்கிள் பின்னிலும் அழித்துவிட்டு வாருங்கள். கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை ஏற்கும் இடங்களில் அதையே கொடுங்கள்.

கேள்வி: பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரிகிறது. ஃபார்மட் செய்யலாமா?
- விரிவுரையாளர், மதுரை

பதில்: வேண்டாம். ஃபைல்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டுத்தான் இருக்கும். ஷார்ட்கட்டைத் திறக்காமல் ஆன்டிவைரஸில் ஸ்கேன் செய்து, பிறகு மறைந்த ஃபைல்களைக் காட்டச் செய்து எடுத்துக்கொள்ளுங்கள்.