டயப்பர்ல மிச்சம் பிடிச்ச 3,000 எங்க போகுது?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 29 வயசு, நாமக்கல் பக்கம். பொண்ணுக்கு 7 மாசம் ஆகுது. பிரசவத்துக்கு முன்னாடி வேலையை விட்டுட்டேன். வீட்டுக்காரர் லாரி பாடி கட்டுற கம்பெனியில சூப்பர்வைசர், கைக்கு 38,000 வருது. சொந்த வீடு, மாமனார் மாமியாரோட இருக்கோம். நான் ரொம்ப சிக்கனம் அக்கா. பகல் முழுக்க காட்டன் நாப்பிதான், ராத்திரிக்கு மட்டும் ஒரு டயப்பர். சத்துமாவு நானே வறுத்து அரைக்கிறேன், பாப்பா டிரஸ் எல்லாம் அக்கா பொண்ணோட பழசு. இப்படி மிச்சம் பிடிக்கிறதுல தினம் 100 ரூபாய் போன் ஆப்ல டிஜிட்டல் கோல்டு வாங்குறேன், 15,000 சேர்ந்திருக்கு. வேலையை விட்டப்போ வந்த 45,000 எஃப்டில இருக்கு. பாப்பா படிப்புக்குனு மாசம் 5,000 கட்டுற பாலிசி ஒண்ணு போன மாசம் போட்டோம், பத்திரம் வந்து 12 நாள் ஆகுது. ஆனாலும் மாசக்கடைசியில பயமாவே இருக்கு. என் நகை 7 பவுன் 2023ல கொழுந்தனார் கல்யாணத்துக்கு ஒரு தனியார் ஃபைனான்ஸ்ல 2 லட்சத்துக்கு வச்சது, வருஷா வருஷம் மாத்தி வச்சு இப்ப மூன்றரை லட்சத்துல நிக்குது. இப்ப அத்தை பாப்பாவுக்கு காதுகுத்து பெருசா வைக்கணும்னு சொல்றாங்க, அதே நகை மேல இன்னும் 80,000 கிடைக்கும்னு ஃபைனான்ஸ்காரங்களே போன் பண்ணி சொன்னாங்களாம். வீட்டுச் செலவுல இன்னும் எதைக் குறைக்கலாம்னு சொல்லுங்க அக்கா.

பதில்: ஒண்ணையும் குறைக்க வேண்டாம்மா. நீங்க கேட்ட கேள்விக்கு அவ்வளவுதான் பதில். ஏழு மாசக் குழந்தையை வச்சுக்கிட்டு தினம் நாப்பி துவைச்சு, மாவு வறுத்து அரைச்சு இவ்வளவு பண்றீங்க, இதுக்கு மேல குறைக்கிறதுனா உங்க தூக்கத்துலதான் குறைக்கணும். அந்த ராத்திரி டயப்பரை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீங்க, மழைக்காலத்துல நாப்பி காயலைனா பகல்லயும் ஒண்ணு ரெண்டு போடுங்க, அது வீண்செலவு கிடையாது.

உங்க வீட்டுல ஓட்டை இருக்கிறது அடுப்படியில இல்ல, அந்த அடகுச்சீட்டுல இருக்கு.

கடுதாசியை ரெண்டு தடவை படிச்சேன். நாப்பி பத்தி விவரமா எழுதின நீங்க நகைக்கடன் பத்தி கடைசியில நாலு வரியில முடிச்சுட்டீங்க, வட்டி எவ்வளவுன்னு கூட எழுதலை. அதனால நானே வருஷத்துக்கு 18 சதவீதம்னு வச்சு போட்டுப் பார்த்தேன், தனியார் ஃபைனான்ஸ்ல மாசாமாசம் வட்டி கட்டாம வருஷக்கடைசியில மொத்தமா மாத்தி வைக்கிறவங்களுக்கு அந்த அளவுக்கு வர்றது சகஜம். 2023ல 2 லட்சம். ஒரு வருஷ வட்டி 36,000, கட்டலை, சேர்த்து 2,36,000க்கு மாத்தி வச்சிருக்கீங்க. 2025ல அதுக்கு வட்டி சுமார் 42,500, அதோட பிரசவச் செலவுக்கோ எதுக்கோ ஒரு 70,000 மேல் பணம் வாங்கியிருந்தாத்தான் மூன்றரை லட்சம்ங்கிற கணக்கு சரியா வருது. அப்போ உங்க கடன்ல கிட்டத்தட்ட 78,500 ரூபாய் யாரும் கண்ணால பார்க்காத பணம், வெறும் வட்டி.

இப்ப உங்க சிக்கனத்துக்கு வருவோம். முழு நாளும் டயப்பர்னா ஏழு வேணும், ஒண்ணு 10 ரூபாய்னு வச்சா மாசம் 2,100. நீங்க 300ல முடிக்கிறீங்க, 1,800 மிச்சம். சத்துமாவு, காய்கறி, சோப்பு அது இதுன்னு இன்னொரு 1,200 போடுங்க. மாசம் 3,000, வருஷத்துக்கு 36,000. மூன்றரை லட்சத்துக்கு வருஷ வட்டி 63,000. உங்க கை தேயத் தேய துவைச்சது அந்த வட்டியில பாதிக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான். இதை எழுதும்போது எனக்கே மனசு கஷ்டமா இருக்கு, ஆனா சொல்லாம இருந்தா அடுத்த வருஷமும் இதே கடுதாசி இன்னும் பெரிய தொகையோட வரும்.

கெட்ட பழக்கம் நகையை அடகு வச்சது இல்லம்மா, ஆத்திர அவசரத்துக்கு வைக்காத வீடு எது. மாத்தி வைக்கிறதுதான் பழக்கம், அதுலயும் தங்கம் விலை ஏற ஏற "இன்னும் கிடைக்குதாம்"னு மேல் பணம் வாங்குறது. விலை ஏறினா நகைக்காரங்களுக்குத்தான் லாபம் வரணும், அதாவது உங்களுக்கு. ஆனா ஒவ்வொரு தடவையும் அந்த ஏத்தத்தை கடனா எடுத்து செலவு பண்ணிட்டா உங்களுக்கு மிஞ்சுறது சீட்டு மட்டும்தான். 2026 ஏப்ரல்ல இருந்து ரிசர்வ் பேங்க் புது விதிப்படி நகை மதிப்புல 2.5 லட்சம் வரைக்கும் உள்ள கடனுக்கு 85 சதவீதம், 5 லட்சம் வரைக்கும் 80 சதவீதம் கொடுக்கலாம், முன்னாடி 75தான். அதனால ஃபைனான்ஸ்காரங்க போன் பண்ணிக்கிட்டேதான் இருப்பாங்க. அவங்க போன் பண்ணி சொன்னது உங்களுக்கு நல்ல சேதி இல்ல. இப்ப 80,000 வாங்கி, இந்த வருஷ வட்டியையும் அதுலயே ஏத்தினா கடன் 4,93,000, மாச வட்டி மட்டும் 7,400.

அதுவும் இனி அப்படி சுலபமா நடக்காது. வருஷக்கடைசியில மொத்தமா கட்டுற நகைக்கடனை சேர்ந்த வட்டியைக் கட்டினாத்தான் புதுப்பிக்க முடியும்னு அதே விதியில இருக்கு. அதாவது டியூ வர்ற அன்னைக்கு 63,000 ரொக்கம் யாராவது எடுத்து வைக்கணும். யார் வைப்பாங்கன்னு வீட்டுல யோசிச்சிருக்காங்களா?

இன்னொண்ணு. சீட்டு யார் பேர்ல இருக்கு? மாமனார் பேர்லயோ வீட்டுக்காரர் பேர்லயோ இருந்தா வட்டி பாக்கி நோட்டீஸும் ஏல நோட்டீஸும் அவங்களுக்குத்தான் வரும், உங்களுக்குத் தெரியாமயே போகலாம். உங்க அம்மா வீட்டுல போட்ட நகை சட்டப்படி உங்க சொத்து, அதுக்காக வீட்டுல சண்டை போடுங்கன்னு சொல்லலை, சீட்டோட ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து உங்க போன்ல வச்சுக்குங்க. மாசாமாசம் கட்டினா என்ன வட்டி, விட்டா என்ன வட்டின்னு பின்னாடி சின்ன எழுத்துல இருக்கும், அதைப் படிச்சுட்டு என் கணக்கைத் திருத்திக்குங்க.

இப்ப என்ன பண்றதுன்னு பார்ப்போம். முதல்ல அந்த டிஜிட்டல் கோல்டை நிறுத்துங்க. சொந்தத் தங்கம் 18 வட்டியில பூட்டிக் கிடக்கும்போது போன்ல புதுத் தங்கம் எதுக்கும்மா? 100 ரூபாய்க்கு வாங்கினா 3 சதவீத ஜிஎஸ்டி போய் 97 ரூபாய்க்குத்தான் தங்கம் ஏறும், விக்கப் போனா அவங்க போடுற விலை இன்னும் கொஞ்சம் குறைவு. இந்த டிஜிட்டல் கோல்டு எங்க கட்டுப்பாட்டுல வராதுன்னு பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபியே 2025 நவம்பர்ல எச்சரிக்கை விட்டுச்சு. அந்த 15,000ஐ எடுங்க, எஃப்டி 45,000ஐயும் உடைங்க, ஆறு ஏழு சதவீதத்துக்கு பணத்தைப் போட்டுட்டு 18க்கு வட்டி கட்டுறதுல அர்த்தமே இல்ல. ரெண்டும் சேர்ந்து 60,000. இந்தத் தடவை மாத்தி வச்சு பத்து மாசம் ஆச்சுன்னு வச்சா வட்டி சுமார் 52,500 இருக்கும், அது அடைஞ்சிடும். கடன் மூன்றரை லட்சத்தோட நின்னுடும்.

அடுத்து கடனை பேங்குக்கு மாத்துங்க, தேசிய வங்கியோ கூட்டுறவு வங்கியோ, ஒன்பது ஒன்பதரை சதவீதத்துல கிடைக்குதான்னு நாலு இடம் கேளுங்க. மத்த இடத்துல இருக்குற நகையை அவங்களே பணம் கட்டி எடுத்து மாத்திக்கிற பேங்கும் இருக்கு, இல்லைனா ரெண்டு நாளைக்கு உங்க அப்பாவோ அண்ணனோ கை கொடுக்கணும். பணம் கட்டி முடிச்சா 7 வேலை நாளுக்குள்ள நகை கைக்கு வந்தாகணும், அவங்க பக்கத் தப்பால லேட் ஆச்சுன்னா நாளைக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடுன்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு, இழுத்தடிச்சா அதைச் சொல்லிக் கேளுங்க. பேங்க்ல வைக்கும்போது ஏழு பவுனையும் ஒரே சீட்டா வைக்காதீங்க. மூணா பிரிச்சு 1 லட்சம், 1 லட்சம், ஒன்றரை லட்சம்னு வையுங்க. அப்பத்தான் ஒவ்வொண்ணா திருப்ப முடியும், ஒரே சீட்டுன்னா பெரும்பாலும் கடைசி ரூபாய் கட்டுற வரைக்கும் ஒரு கம்மல் கூட வெளியே வராது.

மாசம் 10,000 கட்டணும். எங்க இருந்துன்னு கேப்பீங்க. உங்க நாப்பி காசு 3,000. பாலிசி 5,000ல 4,000. மீதி 3,000 உங்க கொழுந்தனார் கொடுக்கணும்.

பாலிசி பத்தி சொல்லிடறேன். பத்திரம் கைக்கு வந்து 30 நாளைக்குள்ள வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா திருப்பிக்கலாம், ஸ்டாம்ப் செலவு, இத்தனை நாள் காப்பீட்டுக்கான தொகைன்னு கொஞ்சம் பிடிச்சுட்டு மீதியைத் தந்துடுவாங்க. உங்களுக்கு 12 நாள் போயாச்சு, இந்த வாரமே பண்ணுங்க, ஏஜெண்ட் சொந்தக்காரரா இருந்தாலும் சரி. குழந்தை படம் போட்டு விக்கிற இந்த மாதிரி சேமிப்பு பாலிசியில பெரும்பாலும் அஞ்சு ஆறு சதவீதத்துக்கு மேல நிக்காது, குழந்தை பேரைச் சொன்னதும் நாம கேள்வி கேக்காம கையெழுத்துப் போடுறோம், அதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு. குழந்தைக்கு உண்மையான பாதுகாப்பு அப்பா மேல ஒரு டேர்ம் பாலிசி, அதாவது அவருக்கு ஏதாவது ஆனா மட்டும் குடும்பத்துக்குப் பணம் தர்ற காப்பீடு. சின்ன வயசு, சிகரெட் பழக்கம் இல்லைனா 50 லட்சத்துக்கு மாசம் 1,000க்குள்ள முடிஞ்சிடும். பொண்ணு பேர்ல செல்வமகள் கணக்கு போஸ்ட் ஆபீஸ்ல 250 ரூபாய்ல ஆரம்பிச்சு வையுங்க, அதுல இப்ப 8.2 சதவீதம் வருது, நகை திரும்பின பிறகு அதுல பெருசா போடலாம்.

கொழுந்தனார் விஷயம்தான் உங்களுக்கு பேச சங்கடம்னு தெரியும். நீங்க பேச வேண்டாம், வீட்டுக்காரர் பேசட்டும், அதுவும் "கல்யாணத்துக்கு கொடுத்ததை திருப்பிக் கொடு"ன்னு வேண்டாம், "அண்ணி நகையைத் திருப்பணும், மாசம் 3,000 நீ போடு, மீதியை நான் பார்த்துக்கிறேன்"னு சீட்டைக் காட்டிப் பேசச் சொல்லுங்க. பெரும்பாலான வீட்டுல அந்தத் தம்பிக்கு கடன் இன்னும் ஓடிக்கிட்டு இருக்குன்னே தெரியாது, அப்பவே அடைச்சிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருப்பார். அவர் போட்டா ஒன்பதரை வட்டியில சுமார் 41 மாசத்துல மொத்தமும் முடியும், முதல் சீட்டு சுமார் 13 மாசத்துல கைக்கு வரும். போடலைனா 7,000தான் கட்ட முடியும், அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும், அப்பவும் இப்ப இருக்குறதை விட ஆயிரம் மடங்கு மேல். முதல் ரெண்டு மாசம் மட்டும் 5,000 கட்டிட்டு மீதி 5,000ஐ குழந்தைக்கு ஜுரம் கிரம்னா எடுக்க கையில வச்சுக்குங்க, கணக்கு ஒண்ணு ரெண்டு மாசம் தள்ளிப் போனாலும் பரவாயில்ல, எஃப்டி போனதுல வெறுங்கையா இருக்கோமேன்னு தூக்கம் வராம இருக்கக் கூடாது.

தடுப்பூசி எங்க போடுறீங்கன்னு எழுதலை. தனியார்ல போட்டா நிமோனியா ஊசி, ரோட்டா சொட்டு, 9 மாசத்துல வர்ற தட்டம்மை ஊசி எல்லாமே ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம்தான், அட்டையை எடுத்துட்டுப் போனா போதும்.

காதுகுத்து. அத்தைக்கு முதல் பேத்தி, ஆசை இருக்கத்தான் செய்யும், அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். குலதெய்வம் கோயில்ல மொட்டை அடிச்சு, தாய்மாமன் மடியில உக்கார வச்சு, ஆசாரியைக் கூப்பிட்டு காது குத்தி, வீட்டு ஆளுங்களுக்கு ஒரு வேளை சாப்பாடு போடுங்க, பத்து பதினஞ்சாயிரத்துல நிறைவா முடியும். மண்டபமும் கிடா விருந்தும் வேணும்னா ரெண்டு வருஷம் கழிச்சு, பொண்ணு நடந்து வர்ற வயசுல கூட வைக்கலாம். "மொய் வந்துடும்"னு சொல்வாங்க. வர்ற மொய்யில பாதி நாம ஏற்கனவே அவங்களுக்கு வச்சது, மீதி நாம இனி திருப்பி வைக்க வேண்டியது, நோட்டுல பேர் பேரா எழுதித்தானே வைக்கிறோம். அதை வருமானம்னு நம்பி 18 வட்டிக்கு வாங்காதீங்க. அத்தைகிட்ட வேண்டாம்னு சொல்றதை விட, "நகை வீட்டுக்கு வந்த பிறகு நான் அதைப் போட்டுக்கிட்டு நின்னு விசேஷம் வைக்கலாம் அத்தை"ன்னு சொல்லிப் பாருங்க. அவங்களுக்கும் மருமக வெறுங்கழுத்தோட நிக்கிறது பிடிக்காது.

வேலைக்குத் திரும்பப் போறதைப் பத்தி நீங்க கேக்கலை, நானும் இப்ப சொல்லலை, குழந்தைக்கு ஒரு வயசு ஆகட்டும். இன்னைக்கு சாயங்காலம் அடகுச்சீட்டுல டியூ தேதி என்னன்னு மட்டும் பாருங்க. அதுக்கு ஒன்றரை மாசம் இருக்கும்போதே பேங்க்ல போய் கேட்டுடுங்க, சின்ன பிராஞ்சுல நகை மதிப்பீட்டாளர் எல்லா நாளும் வர மாட்டாங்க, எந்த நாள் வருவாங்கன்னு கேட்டுக்கிட்டு ஆதார், பான், ரெண்டு போட்டோவோட காலையிலயே போயிடுங்க, குழந்தையை அத்தைகிட்ட விட்டுட்டு.